பர்மாத் தமிழ்ச் சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மன்னிப்புக் கேட்பதும் கொடுப்பதும், நடுவே சிரிப்பதும்

யாங்கூனில் தமிழில் ஆராதனை நடக்கும் சபைகள் அளவில் சிறியவை. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், கத்தோலிக்கம் என்று எந்தப் பிரிவுக்குள் நுழைந்தாலும், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் முன்வரிசைக்காரருக்கு மைத்துனராகவும், பின்வரிசைக்காரருக்குப் பள்ளித் தோழராகவும், பாடகர் குழுத் தலைவருடன் போன கிறிஸ்துமஸ் முதல் பேசாதவராகவும் இருக்க வாய்ப்பு அதிகம். பெருநகரத்துப் பெரிய சபையில் மனத்தாங்கல் வந்தால் இருக்கையை மாற்றிக்கொள்ளலாம், அல்லது வேறு ஆராதனை நேரத்துக்குப் போகத் தொடங்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. நீங்கள் கோபித்துக்கொண்ட அதே சகோதரர்தான் ஆர்மோனியம் வாசிப்பார், ஆலயச் சாவியை வைத்திருப்பார், அன்பின் விருந்தில் உங்கள் தட்டில் கறியும் பரிமாறுவார். ஆகவே, வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தோ, படிப்புக்காகப் பெகு, மௌல்மீன் பக்கத்திலிருந்தோ இங்கு வந்து சேருகிறவர்கள், பாட்டுப்புத்தகம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட மறுகணமே, நண்பர்களிடம் மன்னிப்பு எப்படிக் கேட்கப்படுகிறது, எப்படிக் கொடுக்கப்படுகிறது, அதில் எந்த இடத்தில் சிரிக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். இந்த வழிகாட்டி குடை, பாத்திரம், சிறு கடன், வாய்தவறிய சொல், மறந்துபோன அழைப்பு போன்றவற்றுக்கு மட்டுமே உரியது. அடி, பாலியல் தொல்லை, பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் தீங்கு, திட்டமிட்ட மோசடி ஆகியவற்றைச் சபைக்குள்ளேயே "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று மூடிவைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், அவருடைய அறிவுரையைக் கேட்க வேண்டியதில்லை.

சிறிய காரியங்களிலும் சிரிப்புக்கு ஒரு விதி உண்டு. இந்தக் கட்டுரையில் மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். முதலில் சிரிக்கும் உரிமை புண்பட்டவருக்கே உரியது. யாங்கூனில் மே நடுவில் தொடங்கும் மழை அக்டோபர் வரை விடாது. ஜூன் மாதத்தில் கடன் வாங்கப்பட்ட குடை நவம்பரில் திரும்பி வந்தால், குடைக்காரர், "பரவாயில்லை தம்பி, பனியில் நனையாமல் இருக்க உதவும்" என்று சொல்லலாம், அது மன்னிப்பு. அதையே குடையை வாங்கிப் போனவர் முந்திக்கொண்டு, "அதுதான் மழை விட்டுவிட்டதே, இனி எனக்கு வேண்டாம் என்று கொண்டுவந்தேன் அண்ணே" என்று சொன்னால், அது இரண்டாவது குற்றம். பெரும்பாலும் முதல் குற்றத்தைவிட நீண்ட காலம் நினைவில் நிற்பதும் இதுதான்.

முதல் படி: காயத்தின் அளவைக் கணக்கிடுதல்

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் வரும் இரக்கமற்ற ஊழியக்காரனின் உவமையை நாம் முகத்தை இறுக்கிக்கொண்டே கேட்டுப் பழகிவிட்டோம். அதன் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அதில் எவ்வளவு நகைச்சுவை இருக்கிறது என்று தெரியும். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் 10,000 தாலந்து கடன் என்பது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அதை அடைக்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். அந்தக் கடனை வைத்துக்கொண்டு அவன் ராஜாவின் காலில் விழுந்து, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்கிறான். முதன்முதலில் இதைக் கேட்ட கலிலேயர்கள் இந்த இடத்தில் சிரித்திருக்க மாட்டார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ராஜா அந்தக் கடன் முழுவதையும் தள்ளுபடி செய்ய, வெளியே வந்தவன் தனக்குக் கடன்பட்ட உடன் ஊழியக்காரனின் கழுத்தைப் பிடித்தான். அந்த உடன் ஊழியக்காரன் கடன்பட்டிருந்த 100 வெள்ளிப்பணம், பிரசங்கங்களில் சொல்லப்படுவதுபோல் அற்பத் தொகை அன்று. அது மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கூலி. மூன்று மாதச் சம்பளத்தைக் கடன் கொடுத்து ஏமாந்தவரிடம் போய், "இதெல்லாம் ஒரு விஷயமா பிரதர்?" என்று கேட்டால் அவர் உங்களையும் கடனாளிகள் பட்டியலில் சேர்த்துவிடுவார். எனவே உங்களுக்கு ஏற்பட்ட காயம் உண்மையானது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்; அதே சமயம், நீங்கள் தள்ளுபடி பெற்றுக்கொண்ட தொகை அதைப்போல் 6 லட்சம் மடங்கு என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகப் பார்க்கிறவருக்குக் கோபம் முழுவதும் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். கடன்காரனின் கழுத்தைப் பிடித்திருக்கும் கை கொஞ்சம் தளரும்.

கடன் என்ற பேச்சு வந்துவிட்டதால், பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1930-களின் பெருமந்தத்தில் விவசாயிகளால் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல்போக, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார்களின் வட்டிக்கடைகள் வசம் போன நாடு இது. இந்த மண்ணில் நின்றுகொண்டு, எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல என்று தமிழில் ஜெபிக்கிறவர்கள் மிகவும் தெளிவாகப் பேச வேண்டும். "மன்னித்துவிட்டேன்" என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொன்னதை, உங்கள் நண்பர் "பணம் வேண்டாம்" என்று புரிந்துகொண்டு, அடுத்த ஞாயிறு உங்களைச் சாட்சியில் புகழ்ந்தும்விட்டால், பிறகு கேட்கவே முடியாது. ஆகையால் வாக்கியத்தை முழுமையாகச் சொல்லுங்கள்: கோபத்தைத் தள்ளுபடி செய்துவிட்டேன், ஐம்பதாயிரம் கியாட் அப்படியே நிற்கிறது, வசதிப்படும்போது கொடுத்தால் போதும். இதில் ஆவிக்குரிய குறைவு எதுவும் இல்லை.

இரண்டாம் படி: யாரிடம் முதலில் சொல்வது

உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ச் சொல். கேளாவிட்டால் ஓரிருவரை அழைத்துக்கொண்டு போ. அதற்கும் மசியாவிட்டால் சபைக்கு அறிவி. இதுதான் வேதம் தரும் வரிசை. நடைமுறையில் நாம் கடைப்பிடிக்கும் வரிசை இதற்கு நேர் தலைகீழானது. முதலில் சபை முழுவதற்கும் தெரியும், பிறகு நெருங்கிய இரண்டு மூன்று பேர் கூடி அலசுவார்கள், கடைசியாக, பெரும்பாலும் தற்செயலாக, குற்றம் செய்தவரின் காதுக்கு எட்டும். அதற்குள் குற்றம் வளர்ந்து அவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்குப் பெரிதாகியிருக்கும்.

இந்தத் தலைகீழ் வரிசை இரண்டு வேடங்களில் வரும். புதியவர்கள் இரண்டையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். முதலாவது, "ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்" என்று தொடங்கும் செய்தி. அந்தத் தொடக்கத்துக்குப் பின்னால் வரும் ஐந்து நிமிடத்தில் ஜெபத்துக்குத் தேவையான விவரம் ஒரு வரிதான் இருக்கும். இரண்டாவது, சத்தமாகச் செய்யப்படும் ஜெபம். "ஆண்டவரே, உமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு வாங்கிச் சென்ற தேக்சாவை ஈஸ்டர் வந்தும் திருப்பித் தராத இருதயங்களையும் நீர் அறிவீர்" என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு மன்றாடும்போது, கூட்டத்தில் உள்ளவர்கள் கண்ணைத் திறந்து யார் முகம் சிவக்கிறது என்று பார்ப்பார்கள். இப்படிப்பட்ட ஜெபத்துக்கு ஆமென் சொல்லலாமா என்று புதியவர்கள் தயங்குவது இயல்பு. நன்றி சொல்லும் பகுதிக்குச் சத்தமாகவும், தேக்சா பகுதிக்கு மனத்துக்குள்ளும் சொல்லிக்கொள்வது பாதுகாப்பானது.

கத்தோலிக்க நண்பர்கள் இதிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, தன் பாவத்தை ஒரு நிமிடத்திலும் தன்னைப் பாவம் செய்யத் தூண்டிய பக்கத்து வீட்டுக்காரரின் பாவத்தைப் பத்து நிமிடத்திலும் சொல்லி முடிக்கிறவர்கள் எல்லா ஊர்ப் பங்கிலும் இருக்கிறார்கள். சுவாமியால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாவவிமோசனம் தர முடியாது. அவர்தான் வர வேண்டும்.

மூன்றாம் படி: இடம்

தனித்திருக்கையில் என்று வேதம் சொன்னாலும், வீட்டுக்கு அழைத்தால் சமையல் செய்ய வேண்டும், ஆலய வாசலில் நின்றால் பத்துப் பேர் பார்ப்பார்கள். யாங்கூனின் தேநீர்க்கடை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. குட்டை முக்காலிகளில் அமர்ந்தால் ஒருவரையொருவர் மேலிருந்து பார்த்துப் பேச முடியாது. கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் இருவர் வாயையும் சற்று நேரம் அடைத்து வைக்கும். அது தீர்ந்த பிறகும் மேசைமீது காசில்லாமல் வைத்திருக்கும் வெறுந்தேநீரை ஊற்றிக் குடித்துக்கொண்டே எவ்வளவு நேரமானாலும் பேசலாம், எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள்.

பல கடைகளில் கேட்காமலேயே சமூசாத் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, தின்ற எண்ணிக்கைக்கு மட்டும் கணக்குப் பார்ப்பார்கள். சமாதானம் பேச வந்த இருவரும் கடைசியில் எத்தனை தின்றோம் என்பதில் ஒத்துப்போவது நல்ல அடையாளம். காசு கொடுப்பதில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. குற்றம் செய்தவர் கொடுக்க வேண்டும். புண்பட்டவர் ஒரு முறை மறுக்க வேண்டும். இரண்டாம் முறை மறுத்தால் சண்டை இன்னும் தீரவில்லை என்று பொருள்.

இடம் கொஞ்சம் மரியாதையாக இருக்க வேண்டுமென்றால் லஃபெ, அதாவது ஊறவைத்த தேயிலை, வாங்கி நடுவில் வையுங்கள். பிரிட்டிஷார் வருவதற்கு முந்தைய பர்மாவில் வழக்கு முடிந்து தீர்ப்பு சொல்லப்பட்டதும், அதை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக லஃபெ தின்னும் வழக்கம் இருந்தது. வறுத்த பருப்பும் எள்ளும் பூண்டும் சேர்த்து ஒரு கைப்பிடி தின்ற பிறகு பழைய வழக்கைக் கிளறுவது மரபு மீறல். கைப்பேசியில் நீளமான குரல்செய்தி அனுப்பிச் சமாதானம் செய்துகொள்ள முயலும் இளைய நண்பர்களுக்கு, அந்தக் குரல்செய்தி மூன்றாம் நபருக்கும் அனுப்பப்படக்கூடியது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நான்காம் படி: சொற்கள்

"உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்பது மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் அன்று. உங்கள் மனத்தின் பலவீனத்தைக் குறித்த கருத்து. "தேக்சாவை நான்தான் வைத்திருந்தேன், அடியில் கருகவும் விட்டேன், மன்னித்துவிடுங்கள் அக்கா" என்று செய்ததைப் பெயர் சொல்லிச் சொன்னால் வேலை பாதி முடிந்தது. இதில் மூன்று வசனங்களைக் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது.

முதலாவது, ஏழெழுபதுதரம். ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று பேதுரு தாராளமாகத்தான் கேட்டார். விடையாகக் கிடைத்த எண்ணைப் பெருக்கிப் பார்த்தால் 490 வருகிறது. எண்ணி முடிக்க முடியாது என்பதற்காகச் சொல்லப்பட்டதை, எண்ணுவதற்கென்றே பயன்படுத்துகிறவர்கள் நம்மிடையே உண்டு. அதைவிட மோசமானது, குற்றம் செய்தவர் தானே அதை எடுத்துச் சொல்வது. "இன்னும் நானூறு பாக்கி இருக்கிறதே அண்ணே" என்று சொல்லும் துணிவு உள்ளவருக்கு, அந்த வசனம் மன்னிக்கிறவருக்குக் கொடுக்கப்பட்டது என்று அமைதியாக எடுத்துச் சொல்லலாம். மன்னிக்கிறவர் படும் பாட்டுக்கு லூக்கா 17 சாட்சி. ஒரே நாளில் ஏழுதரம் வந்து மனஸ்தாபப்பட்டாலும் மன்னிப்பாயாக என்று இயேசு சொன்னதும், அப்போஸ்தலர் சொன்ன மறுமொழி, எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும் என்பது. பிசாசு துரத்தவும் நோய் தீர்க்கவும் அனுப்பப்பட்டபோது அவர்கள் இப்படிக் கேட்டதாக எழுதப்படவில்லை. ஒரே ஆளை ஒரே நாளில் ஏழுமுறை மன்னிப்பதற்குத்தான் கூடுதல் விசுவாசம் தேவைப்பட்டது.

இரண்டாவது, கண்ணிலுள்ள உத்திரம். பர்மாத் தேக்கில் உத்திரம் போட்ட வீடுகளைச் செட்டிநாட்டில் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு, அந்த உருவகம் எவ்வளவு கேலியானது என்று விளக்க வேண்டியதில்லை. இருபதடித் தேக்கு உத்திரத்தைக் கண்ணில் சுமந்துகொண்டு ஒருவர் அடுத்தவர் கண்ணிலிருக்கும் துரும்பை எடுக்கக் குனிந்தால், துரும்பு வருமோ வராதோ, தலை உடைவது நிச்சயம். இந்த வசனத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவருக்குச் சொல்லும்போது, நாம் உத்திரத்தைத்தான் அசைத்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது, சிலுவையில் இயேசு சொன்ன முதல் வார்த்தை: பிதாவே, இவர்களுக்கு மன்னியும். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் ஏழு வார்த்தைகளையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கும்போது, சபையில் அந்த ஆண்டு யார் யாரோடு பேசவில்லையோ அவருக்கே முதல் வார்த்தை போய்ச் சேருவது எப்படி என்று யாரும் கேட்பதில்லை, போதகருக்குத் தெரியும். தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே என்ற பகுதிக்கு வந்ததும், "ஐயரே, இவர் தெரிந்தேதான் செய்தார்" என்று சொல்லத் துடிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கலாம். தெரிந்து செய்தவரை மன்னிப்பது கடினம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்வது, அவர் தெரியாமல் செய்ததாகப் பாசாங்கு செய்வதைவிட மேலானது.

ஐந்தாம் படி: மறுமொழியைப் படித்தல்

பேருந்தில் காலை மிதித்தாலும், கடையில் நன்றி சொன்னாலும் பர்மியர் "யபாதே", அதாவது பரவாயில்லை, என்பார்கள். நம்மவர்களும் அதையே சொல்லிப் பழகிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டவுடன் அந்தச் சொல் வந்தால் காரியம் முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். எதிரிலிருப்பவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற "ஆனாதே" உணர்வு இந்த ஊரில் வளர்ந்த எல்லாரிடமும் ஊறியிருக்கிறது. மனத்தில் நெருப்பு இருந்தாலும் வாய் குளிர்ந்துதான் பேசும். சொல்லை விட்டுவிட்டு நடத்தையைப் பாருங்கள். அடுத்த ஞாயிறு "ஸ்தோத்திரம் பிரதர்" என்று மட்டும் சொன்னால் இன்னும் நாள் ஆகும். "எங்கே தம்பி, சாப்பிட்டாயா?" என்று கேட்டால் பாதி வழி வந்துவிட்டது. உங்களை உட்காரவைத்து உங்களையே கேலி செய்யத் தொடங்கினால் முழுவதும் மன்னித்துவிட்டார். இப்போதுதான் நீங்களும் சிரிக்கலாம்.

நாட்களைப் பற்றிச் சில குறிப்புகள்

சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியர் நிருபம் சொல்கிறது. யாங்கூனில் ஜூன் மாதச் சூரியன் ஆறரை மணி தாண்டித்தான் மறையும். டிசம்பரில் ஐந்தரை மணியளவிலேயே மறைந்துவிடும். ஆகவே கீதபவனிக் காலத்தில் கோபத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி குறைவு. அதே பவனியில் எந்த வீட்டையும் விட்டுவிட்டுப் போக முடியாது என்பதால், பேசாதவர் வீட்டு வாசலிலும் நின்று பூமியிலே சமாதானம் என்று பாடியே ஆக வேண்டும். அவரும் கேக்கும் தேநீரும் தந்தே ஆக வேண்டும். திருவிருந்து ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை மாலையிலும், டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு முன்பும் தொலைபேசி அழைப்புகள் கூடும். அந்த நேரத்தில் வரும் மன்னிப்பு அவசரமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நம் பௌத்த அண்டை வீட்டாரின் நாட்காட்டியும் உதவும். அக்டோபர் வாக்கில் வரும் தடிஞ்சுட் பௌர்ணமியன்று பிக்குகள் தங்கள் குற்றங்களைச் சுட்டிக்காட்டும்படி சக பிக்குகளையே கேட்டுக்கொள்கிறார்கள். அந்த நாட்களிலும் ஏப்ரல் புத்தாண்டிலும் இளையவர்கள் பழமும் துணியும் எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவர்கள் முன் மண்டியிட்டுக் "கடோ" செய்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி வேண்டுகிறார்கள். விழுந்து வணங்குவது நம் சபைகளில் எல்லாருக்கும் ஒப்பாது. ஆனால் பழக்கூடையோடு ஒரு மூத்தவர் வீட்டுக்குப் போய் வருவதற்கு எந்த உபதேசமும் தடையில்லை.

உடனே தீராதவையும் உண்டு. மாற்குவை அழைத்துப் போவதா வேண்டாமா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுங்கோபம் மூண்டு பிரிந்தார்கள். ஆண்டுகள் பல கடந்து பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இரண்டு வசனம் தள்ளி, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் கொண்டுவரச் சொல்கிறார். மன்னிப்பும் திரும்பப் பெற வேண்டிய பொருளும் ஒரே கடிதத்தில் வருவதில் அப்போஸ்தலனுக்கே கூச்சமில்லை. தீர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பியிலுள்ள எயோதியாளும் சிந்திகேயாளும் இருக்கிறார்கள். எதற்காகக் கருத்து வேறுபட்டார்கள் என்பது எழுதப்படவில்லை. ஒரே சிந்தையாயிருக்கும்படி புத்திசொல்லப்பட்டார்கள் என்பது மட்டும் உலகமெங்கும் வாசிக்கப்படுகிறது.

கடைசிப் படி: கதையாகச் சொல்லும் உரிமை

மன்னிக்கப்பட்ட குற்றம் சில மாதங்களில் கதையாகிவிடும். அதை முதலில் சொல்லும் உரிமையும் புண்பட்டவருக்கே. குற்றம் செய்தவர் கூட்டத்தில் இருக்கும்போது மட்டுமே சொல்ல வேண்டும், அவர் இல்லாத இடத்தில் சொன்னால் அது இரண்டாம் படிக்குத் திரும்பிவிடும். நிச்சயதார்த்தத்திலும் புதுச் சம்பந்திகள் முன்பும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தேக்சா பெரிதாகிக்கொண்டே போகும். இருபது பேருக்குச் சமைத்தது நூறு பேருக்குச் சமைத்ததாக மாறும்போது, குற்றம் செய்தவர் அளவை மட்டும் திருத்தலாம், காரணம் சொல்லத் தொடங்கக் கூடாது. இந்தக் கதையை முதன்முறையாகக் கேட்கும் புதியவர், "யார் அந்த ஆள்?" என்று கேட்காமலிருப்பது நல்லது, பெரும்பாலும் அவர் அதே மேசையில்தான் உட்கார்ந்து, எத்தனையாவது என்று எண்ணாமல் சமூசா தின்றுகொண்டிருப்பார்.